இரண்டாவது சூடு

மண்ணூர்பேட்டை, அம்பத்தூர்
20.9.1991

மதிப்பிற்குரிய உத்தமன் அண்ணனுக்குச் சின்னப்பையன் எழுதுவது.

நீங்கள் ஜபல்பூருக்கு ரயிலேறி மூன்று மாதம் ஆகிறது. அன்று சென்ட்ரலுக்கு நானும் வந்திருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி ஜன்னல் பலகையை இறக்கிவிட்டீர்கள். நான் வாங்கி வந்த ஆரஞ்சுப் பழத்தைத் திரும்ப எடுத்துப் போக மனம் வரவில்லை, ஒரு போர்ட்டரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த இரண்டு கம்பி விஷயத்தை நானே பேசிவிடுகிறேன். ஆவடியில் உங்கள் தொழிற்சாலைக் கழிவுக் குவியலில் துருப்பிடித்துக் கிடந்ததை நம் வண்டிக்காக நீங்கள் எடுத்து வந்தீர்கள். யாரோ மேலிடத்தில் சொல்லி, விசாரணை வைத்து, உங்களைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நான்தான் மொட்டைக் கடிதம் போட்டேன் என்று நினைக்கிறீர்கள். கெங்கம்மாள் தாலி மேல் ஆணையாகச் சொல்கிறேன், நான் யாருக்கும் ஒரு வரி எழுதவில்லை.

வண்டியைப் பற்றிச் சொன்னால் கோபத்திலும் கேட்பீர்கள் என்று தெரியும். புதுப்பேட்டை காயலான் கடையில் நாம் எடுத்த ஜப்பான் டர்போ டீசல் எஞ்சின் பழைய அம்பாசிடருக்குள் உட்கார்ந்துவிட்டது. எஞ்சினுக்கும் கியர்பாக்சுக்கும் நடுவில் வைக்கிற தட்டை நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். எஞ்சின் முகத்தில் கிரீஸ் தடவி, சார்ட் பேப்பரை ஒற்றி, ஓட்டைகளை அச்செடுத்துக் கடைந்தேன். ஒரு போல்ட்கூட முரண்டு பிடிக்கவில்லை. டர்போவுக்கான புகைக்குழாயையும் நானே வெல்டிங் வைத்தேன். பக்கத்துப் பட்டறைக்காரன் தினம் வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போகிறான்.

ஆனால் எஞ்சினுக்கு இழுவை அதிகம். லாரி வேலை போன நாளிலிருந்து என் தம்பி துலுக்கானம் இந்த வண்டியை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறான், டாக்சியாக ஓட்டப் போகிறான். இரண்டு முறை ஓட்டிப் பார்த்தான். இரண்டு முறையும் பின் சக்கரத்தைச் சுழற்றுகிற ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பழைய ஷாஃப்ட் இந்த எஞ்சினுக்குத் தாங்காது. அதனால் உங்கள் கம்பிகளையே வலதுக்கொன்று இடதுக்கொன்றாகக் கடைந்து, பல் வெட்டி வைத்திருக்கிறேன்.

கடினப்படுத்துகிற வேலையை எப்போதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெளியே கொடுத்துவிடுவோம். இதைக் கொடுக்க முடியாது. இது எங்கிருந்து வந்த இரும்பு என்று ஒருவன் கேட்டால் போதும், உங்களுக்கு மிச்சமிருக்கிற வேலையும் போகும். பட்டறைக்குப் பின்னால் நானே செங்கல் உலை கட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சாதா இரும்பு. இந்த ரகத்தை எவ்வளவு சூடேற்றுவது, எதில் முக்குவது என்று எழுதுங்கள். கோபம் என் மேல் இருக்கட்டும், துலுக்கானத்தின் மேல் வேண்டாம்.

இப்படிக்கு,
சின்னப்பையன்


ஜபல்பூர்
30.9.1991

சின்னப்பையனுக்கு,

கடிதம் கிடைத்தது. சத்தியம் செய்யத் தாலியையெல்லாம் இழுக்காதே. இருபத்திரண்டு வருட சர்வீசில் ஒரு மெமோ வாங்காதவன் நான். இன்று ஒரு விடுதி அறையில், வறட்டுச் சப்பாத்தியைப் பருப்புத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருக்கிறேன். சுசீலாவும் பெண்ணும் ஆவடி குவார்ட்டர்சைக் காலி செய்துவிட்டுத் திருநின்றவூரில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெண் பத்தாம் வகுப்பு, நடுவில் பள்ளியை மாற்ற முடியாது. இதெல்லாம் யாரால் என்று நான் எழுதப் போவதில்லை.

கேட்டதற்குப் பதில். காந்தம் ஒட்டாத அளவுக்குக் கம்பி சூடேற வேண்டும். அதற்கு மேலும் கொஞ்சம், ஆரஞ்சு நிறம் வரும்வரை. வெயில் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும், கதவைச் சாத்திவிட்டுப் பார். அந்தச் சூட்டிலேயே முக்கால் மணி நேரம் வை. பிறகு எண்ணெய்ப் பீப்பாயில் செங்குத்தாக இறக்கு. படுக்கவைத்தால் வளைந்துவிடும். தண்ணீரில் முக்காதே. ஆறியதும் அரத்தால் தேய்த்துப் பார். அரம் வழுக்கினால் இரும்பு கடினமாகிவிட்டது என்று அர்த்தம்.

இவ்வளவுதான். மேலே சந்தேகம் இருந்தால் கேள்.

உத்தமன்


மண்ணூர்பேட்டை
19.10.1991

அன்புள்ள அண்ணனுக்கு,

அரம் வழுக்கியது. நம்பாமல் புது அரம் வாங்கி வந்து தேய்த்தேன், அரத்தின் பல்தான் மழுங்கியது. நீங்கள் ஆயிரம் திட்டினாலும் உங்கள் கையெழுத்தில் வந்த வேலை பொய்க்காது என்று கெங்கம்மாளிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். உங்கள் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடாமல் படுத்ததை அவள்தானே பார்த்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் எண்ணெயில் முக்கி எடுத்தேன். மறுநாள் ஆயுத பூஜை. உலையை அணைத்து, சாம்பலை அள்ளி, லேத்தைத் துடைத்துச் சந்தனம் வைத்தோம். இரண்டு ஷாஃப்ட்டையும் வாழையிலையில் கிடத்தி, குங்குமம் வைத்து, படத்துக்கு முன்னால் வைத்தோம். சாயங்காலம் கற்பூரம் காட்டும்போது ஒரு அதிசயம் நடந்தது. இலைப் பக்கமிருந்து டிங் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், ஆனால் அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. யாரும் எதையும் தொடவில்லை. கெங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மா உத்தரவு குட்த்துட்டா துலுக்கானம், இனிமே உனுக்கு இன்னா கொற" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இரும்பு வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை விஜயதசமி. நல்ல நேரத்தில் ஷாஃப்ட்டை மாட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வண்டியை எடுத்தோம். ஆவடி வரை போய் வந்தோம். டர்போ விசில் அடித்துக்கொண்டு இழுத்தது ஒரு இழுப்பு. துலுக்கானம் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு ஸ்டீயரிங் மேல் தலை வைத்து அழுதான்.

அந்த இழுப்பைப் பார்க்க நீங்கள் இல்லையே என்றிருந்தது.

சின்னப்பையன்


ஜபல்பூர்
30.10.1991

சின்னப்பையனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தச் சத்தம் எந்த ஷாஃப்ட்டிலிருந்து வந்தது? அது வலது பக்கம் மாட்டியதா, இடது பக்கமா? பூஜை முடிந்த பிறகு அவற்றை மறுபடி உலையில் வைத்தாயா, அப்படியே மாட்டிவிட்டாயா? இதற்கு உடனே பதில் எழுது.

வண்டியில் நாலு பேருக்கு மேல் ஏற்ற வேண்டாம். கிளட்சைப் பட்டென்று விட வேண்டாம் என்று துலுக்கானத்திடம் சொல். மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகட்டும். மலைப்பாதைச் சவாரி எதையும் எடுக்க வேண்டாம். வாரம் ஒரு முறை பின் சக்கரங்களைக் கழற்றிப் பார். காரணம் ஒன்றும் இல்லை. புது இரும்பு, அதற்காகச் சொல்கிறேன்.

வேலை இதோடு முடிந்ததா, இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கலாம். நீ கேட்கவே இல்லை. அவ்வளவு கர்வம் உனக்கு.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. எனக்குத் தூக்கம் சரியில்லை.

உத்தமன்


மண்ணூர்பேட்டை
20.11.1991

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். தீபாவளி வந்தது, மழை வந்தது, பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர் வந்தது, அதற்கு மேல் ஆட்களும் வந்துவிட்டார்கள். என்ன விஷயம் என்று பிறகு சொல்கிறேன்.

வண்டியைப் புதுப்பெண்ணை அழைத்து வருகிற மாதிரி ஓட்டச் சொல்கிறீர்கள். டாக்சிக்காரன் நாலு பேருக்கு மேல் ஏற்றாமல் இருந்தால் அவன் வீட்டில் உலை கொதிக்குமா? ஒரு மாதமாகக் காஞ்சிபுரம், திருப்பதி என்று ஓடிக்கொண்டிருக்கிறான். திருப்பதி மலையில் முன்னால் போன வண்டிகளெல்லாம் ஒதுங்கி வழிவிட்டனவாம். இப்போது ஒரு வாரமாக, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வலது பின்பக்கம் டிக் என்கிறதாம். நான் கழற்றிப் பார்க்கலாம் என்றால் அவன் விடவில்லை. "காதுல உயுந்தும் உயாத மாறி ஒரு சத்தம் அண்ணாத்தே, அதுக்கெல்லாம் வண்டிய நிறுத்துனா பொயப்பு இன்னா ஆவறது" என்கிறான்.

மறுபடி உலையில் வைத்தாயா என்று கேட்டிருந்தீர்கள். எதற்கு வைக்க வேண்டும்? கெட்டியானதை மறுபடி சுட்டால் இளகித்தானே போகும்? அதோடு, சந்தனம் குங்குமம் வைத்து அம்மன் முன்னால் வைத்த பொருளை எடுத்து நெருப்பில் போட எனக்குக் கை வராது.

ஆட்கள் வந்த விஷயம் இதுதான். துலுக்கானத்தின் வண்டியைப் பார்த்துவிட்டு, டீசல் எஞ்சின் ஏற்றியவர்களெல்லாம் நம் பட்டறையைத் தேடி வருகிறார்கள். மூன்று பேருக்கு ஷாஃப்ட் செய்து கொடுத்துவிட்டேன். பழைய லாரி ஷாஃப்ட்டுகளை வாங்கி, இளக்கி, கடைந்து, உங்கள் முறைப்படியே உலையில் வைத்து முக்கினேன். மூன்றிலும் அரம் வழுக்கியது.

இனி ஒன்று சொல்ல வேண்டும். துலுக்கானம் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறான். வீட்டில் விரதம் நடக்கும்போது மனசில் பொய்யை வைத்துக்கொண்டு சோறு இறங்கவில்லை. நான் மொட்டைக் கடிதம் எழுதவில்லை என்பது சத்தியம். ஆனால் பாடியில் டீக்கடையில் வாய் விட்டேன். நாலு பேர் நம் வண்டியைக் கிண்டல் செய்தார்கள். "எங்க அண்ணாத்தே ஃபாக்டரிலேர்ந்து எட்த்தாந்த இரும்பு, ஒங்க அப்பன் ஊட்ல கூட கெடைக்காது" என்று சொல்லிவிட்டேன். அங்கே யார் காதில் விழுந்ததோ தெரியாது. பெருமையில் சொன்னதுதான், வன்மத்தில் இல்லை. உங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்து கிடப்பதற்கு நான்தான் காரணம். என்னை மன்னியுங்கள்.

டிசம்பர் ஐந்தாம் தேதி விடியற்காலை எட்டுச் சாமிகளை ஏற்றிக்கொண்டு துலுக்கானம் மலைக்குக் கிளம்புகிறான். திரும்பும்போது பழனியில் இறங்கித் தரிசனம் செய்துவிட்டு வருவார்கள். உங்கள் பெயரைச் சொல்லியும் நெய்த்தேங்காயில் ஒன்று கட்டச் சொல்லியிருக்கிறேன்.

சின்னப்பையன்


ஜபல்பூர்
4.12.1991

சின்னப்பையா,

தபாலாபீசில் உனக்குத் தந்தி கொடுத்துவிட்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர்கள் கிளம்பும் முன் தந்தி வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. முதல் நாள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் நினைத்தது சரி, இவன்தான் என்று. இரண்டாம் நாள் சுசீலாவின் கடிதம் வந்தது. பெண்ணுக்கு மழையில் காய்ச்சல் கண்டு நினைவு தப்பியதையும், துலுக்கானம் முட்டளவு தண்ணீரில் நடந்து வந்து அவளைத் தூக்கிப் போய் அந்த வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதையும் எழுதியிருந்தாள். நீ இதை எனக்கு எழுதவில்லை. அதற்குப் பிறகு ஆறு நாள் நான் என்ன செய்தேன் என்று கேட்காதே. எழுதி எழுதிக் கிழித்தேன்.

வண்டியை நகர்த்தாதே. அந்த ஷாஃப்ட்டுகள் பாதி வேலைதான் முடிந்தவை.

எண்ணெயில் முக்கியெடுத்த இரும்பு கடினமாக இருக்கும், பலமாக இருக்காது. அன்றைக்கே, கம்பி முழுக்க ஆறும் முன்பே, அதை இரண்டாவது முறை சூடேற்ற வேண்டும். இந்த முறை குறைந்த சூடு, இருட்டில் பார்த்தால் மட்டும் தெரிகிற மங்கல் சிவப்பு. இரண்டு மணி நேரம் அதில் வைத்துத் தானாக ஆறவிட வேண்டும். நீ சொன்ன மாதிரி கொஞ்சம் இளகும். அந்த இளக்கம்தான் அதற்கு உயிர். அது இல்லாத ஷாஃப்ட் பீங்கான் மாதிரி. பழைய ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு உனக்குச் சொல்லிவிட்டு நின்றது. இது சொல்லாது. ஒரே அடியில் துண்டாகும், சக்கரம் தனியாகக் கழன்று போகும். அது மலைப்பாதையாக இருந்தால் எட்டுப் பேரும் உன் தம்பியும் என்ன ஆவார்கள் என்று உனக்கே தெரியும்.

கற்பூரம் காட்டும்போது கேட்டது அம்மன் உத்தரவு இல்லை. இரண்டாவது சூடு கிடைக்காத இரும்பு தானாக விரிசல் விட்ட சத்தம்.

நான் இதை மறந்து விடவில்லை. முதலில் முழுசாகத்தான் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, இரண்டாவது சூட்டை விட்டு வேறு தாளில் எழுதினேன். நீ மறுபடி எழுதிக் கேட்க வேண்டும், கெஞ்ச வேண்டும் என்று நினைத்தேன். கேட்காமல் மாட்டினால் பட்டறை வாசலிலேயே உடைந்து நாலு பேர் முன்னால் உனக்கு அவமானம் ஆகட்டும் என்றும் நினைத்தேன். அது திருப்பதி மலை ஏறும் என்று நினைக்கவில்லை. அக்டோபரில் உன் கடிதம் வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நான் செய்தது தெரிந்துவிடுமே என்று, நாலு பேருக்கு மேல் ஏற்றாதே என்று எழுதினேன்.

உன் வாய் ஒரு டீக்கடையில் தவறியது. நான் ஒரு மேசையில் உட்கார்ந்து, யோசித்துச் செய்தேன்.

உத்தமன்


மண்ணூர்பேட்டை
16.12.1991

திரு. உத்தமன் அவர்களுக்கு,

தந்தி ஆறாம் தேதி மதியம் வந்தது. வண்டி கிளம்பி ஒன்றரை நாள் ஆகியிருந்தது. தபால்காரர் படித்துச் சொன்னார், வண்டியை நிறுத்து, பின் ஷாஃப்ட் ஆபத்து, கடிதம் வருகிறது என்று. மலைக்குப் போய்த் தேடினால் லட்சம் கூட்டத்தில் எங்கே பிடிப்பது? திரும்பும்போது பழனிக்கு வருவார்கள் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும். இருந்த சட்டையோடு பஸ் ஏறினேன்.

ஏழாம் தேதி காலையிலிருந்து ஒன்பதாம் தேதி வரை பழனி அடிவாரத்தில் வண்டிகள் வந்து நிற்கிற இடத்தில் நின்றேன். சாமி வண்டி ஒன்று வரும்போதெல்லாம் எழுந்து ஓடிப் பார்ப்பேன். ஒரு வேன்காரர் வழியில் ஒரு வண்டி கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்ததாகச் சொன்னார். என்ன வண்டி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்பதாம் தேதி நாலு மணிக்கு விசில் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை ஊர் முழுக்க வேறு எந்த வண்டியும் போடாது. துலுக்கானம் என்னைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்து, "யாரு அண்ணாத்தே, யாரு" என்று கத்திக்கொண்டே இறங்கினான்.

அங்கேயே ஜாக்கி வாங்கிச் சக்கரத்தைக் கழற்றி, வலது ஷாஃப்ட்டை உருவினேன். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைப் பூசினேன். விரிசல் இருந்தால் உள்ளே நின்ற எண்ணெய் வெள்ளையில் கசிந்து காட்டும், உங்களிடம் கற்றதுதான். ஷாஃப்ட்டைச் சுற்றி முக்கால் வட்டத்துக்குக் கோடு வந்தது. மிச்சம் கால் வட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்பது உயிர் மலை ஏறி இறங்கியிருக்கிறது. சாமிகளைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, வண்டியை அங்கேயே ஒரு பட்டறையில் விட்டுவிட்டு, நான் மலையேறி உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். மொட்டை போட்டுக்கொண்டேன். எங்கோ வடக்கில் உட்கார்ந்துகொண்டு என் தம்பியைக் காப்பாற்றிவிட்டார், ஊருக்கு வந்தால் காலில் விழ வேண்டும் என்று வழியெல்லாம் துலுக்கானத்திடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம் இருந்தது.

அதைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் நிற்காது. துலுக்கானத்துக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவன் ஜபல்பூருக்கு டிக்கெட் எடுப்பான். சுசீலா அக்காவுக்கும் நான் சொல்ல மாட்டேன், அவர்கள் வீட்டுக்கு வழக்கம்போலப் போய் வருவேன். நீங்கள் மட்டும் இனி என் பட்டறைக்கு வர வேண்டாம்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. மூன்று பேருக்கு ஷாஃப்ட் செய்து கொடுத்தேன் என்று எழுதியிருந்தேனே, தந்தியிலும் கடிதத்திலும் நீங்கள் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. உங்கள் பயமெல்லாம் தெரிந்த முகத்துக்குத்தான். எனக்கும் பழனியில் நிற்கும்வரை அவர்கள் ஞாபகம் வரவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நாலு நாளாக அலைகிறேன். காட்டுப்பாக்கத்தில் லோகநாதன் வண்டி வாசலிலேயே நின்றது, கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பாடியில் சுலைமான் பாய் வேன் நேற்று கிடைத்தது. அவர் ஷாஃப்ட்டில் இரண்டு இடத்தில் கோடு.

மூன்றாவது ஆள் யார் என்று தெரியவில்லை. பூந்தமல்லி ரோட்டில் யாரோ வழி சொல்லி வந்தார். பெயர் சொன்னார், எனக்கு நிற்கவில்லை. வெள்ளை அம்பாசிடர். வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளும் வழக்கம் பட்டறையில் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். பெட்ரோல் பங்க், டாக்சி ஸ்டாண்டு எல்லா இடத்திலும் சொல்லி வைத்திருக்கிறேன். காலையிலும் மாலையிலும் ரோட்டோரம் நின்று, போகிற வெள்ளை வண்டிகளைக் கை காட்டி நிறுத்துகிறேன். பைத்தியம் என்று திட்டிவிட்டுப் போகிறார்கள். அவர் வடக்கே நெல்லூர்ப் பக்கம் அடிக்கடி போவதாகச் சொன்ன ஞாபகம். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அதற்கு மட்டும் நீங்கள் எனக்குக் கடிதம் போடலாம்.

அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். நான் சக்கரம் மாட்டி முடிக்கும்வரை வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னதற்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. லேத்துக்கடியில் கிடந்த இரும்புச் சுருள் பளபளவென்று இருந்ததால் அதைக் கேட்டு அழுதது. கையைக் கிழித்துவிடும் என்று நான் கொடுக்கவில்லை.

சின்னப்பையன்